அண்ணனை ஆற்றில் கொன்ற கதை

என் உடன்பிறந்த ஒரே அண்ணனை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். அரிவாள், கத்தி எதுவும் எடுக்கவில்லை. சென்னையில் ஏசி போட்ட ஓர் அறையில், சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து, வாயாலேயே கொன்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கொல்வது அவ்வளவு சுலபம். செத்தவனை உயிரோடு வைத்துக்கொண்டு ஐந்து வாரம் நடமாடுவதுதான் சிரமம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ராதாபுரம் பக்கம் ஒரு ஊர். பனையும் உடைமரமும் தவிர வேறு எதுவும் அங்கே தழைக்காது. அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அண்ணன் இசக்கிமுத்து பதினாறு வயதில் வேலைக்குப் போனான். நான் பன்னிரண்டில் ஓடினேன். (போனதற்கும் ஓடியதற்கும் வித்தியாசம் உண்டு. அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.) கோவில்பட்டியில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். நாக்பூர் வரைக்கும் லாரியில் கிளீனர். ஆந்திராவில் போர்வெல் வண்டியில் ஒன்றரை வருடம். அதில் ஒரு விரல் நகம் போனது. திருச்சூரில் பந்தல் போட்டேன். எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு தீபாவளி இருந்ததில்லை. பஸ் நிலையத்தில் எந்த மூலையில் படுத்தால் கொசு குறைவு என்று ஏழு ஊருக்கு இப்போதும் சொல்வேன்.

இப்படிப்பட்டவன் ‘தாக்குப்பிடி’ என்ற டிவி போட்டிக்குப் போனதுதான் வேடிக்கை. பதினாறு பேரைக் கடற்கரையோரக் காடு ஒன்றில் கொண்டுபோய் விடுவார்கள். தினம் ஒரு போட்டி, வாரம் ஒருவர் வெளியே. கடைசி வரை நிற்பவர் ஜெயித்தவர். அப்போது நான் சென்னையில் ஒரு மேன்ஷனுக்குத் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டிருந்தேன். கஷ்டப்பட்டவனுக்குத்தானே தாக்குப்பிடிக்கத் தெரியும், அதில் நம்மை யார் மிஞ்ச முடியும் என்று ஆள் எடுக்கும் இடத்தில் போய் வரிசையில் நின்றுவிட்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, “உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். லாரி, போர்வெல், பஸ் நிலையம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டார்.

“இதெல்லாம் காலையில இருந்து எல்லாரும் சொல்லிட்டாங்க. சரி, நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

“திருநெல்வேலின்னு போட்டிருக்கீங்க. தாமிரபரணிக் கரையில பிறந்துட்டு நீச்சல் தெரியாதா?”

எங்கள் ஊருக்கும் தாமிரபரணிக்கும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், எங்கள் ஊர்க் குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சென்னைக்காரர்களுக்குத் திருநெல்வேலி என்றால் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் அல்வா. அது போக, எனக்கு நீச்சல் வராததற்கு உண்மையான காரணம் வேறு. சின்ன வயதில் அண்ணன் என் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கினான். நான் மேலேறி வந்து, கேனோடு ஊரை விட்டு ஓடிப்போய், சாயங்காலம்தான் திரும்பினேன். (என் முதல் ஓட்டம் அதுதான்.) இதைப் போய் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்ல?

“என் அண்ணன் ஆத்துல போயிட்டான் மேடம். அதுக்கப்புறம் எங்கம்மா என்னைத் தண்ணிப் பக்கமே விடல.”

கொட்டாவி நின்றது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த இடத்தில் என்று கேட்டார். ஸ்ரீவைகுண்டம் என்றேன். கொஞ்ச நாள் அங்கே வாழைத்தார் ஏற்றியிருந்ததால் எனக்குத் தெரிந்த ஒரே ஆற்றங்கரை ஊர் அது. எத்தனை வயதில் என்று கேட்டார். பதினெட்டு என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் செத்தவன் சவூதியில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் கோழிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

எனக்கு இடம் கிடைத்தது. முதல் நாள், முதல் போட்டி: கழிமுகத்தில் மிதக்கும் கட்டையின் மேல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நான் நான்கு நிமிடம் நின்றேன். பிறகு விழுந்தேன். என்னைத் தலைமுடியைப் பிடித்துத்தான் மேலே இழுத்தார்கள். அந்த வாரம் முதல் ஆளாக வெளியே வந்தேன். டிவியில் என்னைக் காட்டியது மொத்தம் பதினொரு நொடி. கட்டை உருள்வது, நான் காற்றில் ஏதோ கம்பியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் நீட்டுவது, ‘பொய்ங்’ என்று ஒரு சத்தம். அண்ணன் செத்த கதையைக் காட்டவே இல்லை. நான்கு நிமிடம் நின்றவனுக்கு எதற்குக் கதை என்று விட்டுவிட்டார்கள் போல. அந்தப் பதினொரு நொடியை வெட்டி, ‘மாதச் சம்பளம் வந்த மறுநாள்’ என்று எழுதி, நாடு முழுக்க அனுப்பினார்கள். எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள்.

பிறகு ஸ்ரீவைகுண்டத்துக்கே வந்து, காதர் அண்ணாச்சியின் வாழை மண்டியில் சுமை ஏற்றும் வேலையில் சேர்ந்தேன். வருடங்கள் ஓடின. அண்ணனும் சவூதியை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து லோடு ஆட்டோ வாங்கினான். அப்போதுதான், ஒரு ஆவணி மாதம், சென்னையிலிருந்து போன் வந்தது. ‘தாக்குப்பிடி’ அடுத்த சீசனில் புது ஆட்கள் கிடையாதாம். முன்பு வந்து தோற்றவர்கள் மட்டும் திரும்பி வருகிறார்களாம். இறுதி வரை வந்தவர்கள், பாதியில் காயம்பட்டுப் போனவர்கள், அவர்களோடு முதல் ஆளாக விழுந்தவன் ஒருவனும் வேண்டுமாம்.

மண்டி வாசலில் வாழைத்தார்க் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த ‘பொய்ங்’ சத்தத்தைக் கழுவ ஒரு வாய்ப்பு. ஐந்து நிமிடம் நின்றால்கூட முன்னேற்றம்தான். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அவன் ஆட்டோவை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான். “ஏலே சுடல, நீ விழுந்தத அங்கன ரூம்ல வச்சுப் பாத்தேன். கூட இருந்தவனுவ எல்லாம் சிரிச்சானுவ. நானும் சிரிச்சேன், அது வேற. ஆனா அன்னைக்கே முத்தாரம்மங்கிட்ட நேந்துட்டேன்லே. எந்தம்பியத் திரும்பக் கூப்புட்டா ஒனக்குக் காளி வேஷம் கட்டுதேன்னு.”

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் கட்டி, செட்டு எனப்படும் குழுக்களாகச் சேர்ந்து வேனில் ஊர் ஊராகப் போய் அம்மன் பேரில் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். குரங்கு, குறவன், ராஜா, போலீஸ் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம். காளிதான் கடினம். நாற்பத்தொரு நாள் விரதம். தனிக் குடிசை. ஒரு வேளைச் சோறு, அதையும் தானே பொங்க வேண்டும். கோபப்படக் கூடாது, யாரையும் ஏசக் கூடாது. வேஷம் கட்டிவிட்டால் அவன் அம்மன்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. என் அண்ணன் மூன்று வேளையும் மீன் கேட்பவன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஏசாமல் ஒரு பர்லாங்கு போனதில்லை. அவன் எனக்காக மாலை போட்டுக் குடிசைக்குள் போய் உட்கார்ந்துவிட்டான்.

அவன் மாலை போட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். நிவேதா என்று ஒரு பெண் போன் செய்தார். உதவி இயக்குநராம். என்னைப் பற்றிய படம் எடுக்கும் பொறுப்பு அவருடையது.

“சார், உங்க பழைய ஃபைலைப் படிச்சேன். அழுதுட்டேன் சார்.”

எனக்குப் புரியவில்லை. பரோட்டாக் கடைக்கா அழுதார் என்று நினைத்தேன்.

“உங்க அண்ணா சார். ஆத்துல போனாரே.”

வயிற்றுக்குள் ஒரு வாளி கயிறு அறுந்து கிணற்றில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. “அது பழைய விஷயம் மேடம். அத விட்டுட்டு வேற ஏதாவது...”

“வேற என்ன சார் இருக்கு? திரும்பி வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் வேணும். ஒருத்தர் கால் உடைஞ்சு போனவர். ஒருத்தங்க ஒரு ஓட்டுல தோத்தவங்க. நீங்க நாலு நிமிஷம் நின்னவர். தப்பா நினைக்காதீங்க, அண்ணா ஸ்டோரி இருக்கறதாலதான் மேல உங்க பேரை ஓகே பண்ணாங்க. அது இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த ஆள் ரெடியா இருக்காரு. அந்த ஆத்தங்கரைக்கே வர்றோம் சார். உங்க வீடு, அண்ணா போட்டோ, அந்த இடம். அவ்ளோதான்.”

கணக்கு எளிது. அண்ணன் செத்திருந்தால் எனக்கு இடம் உண்டு. உயிரோடு இருந்தால் இல்லை. அந்த இடத்துக்காகத்தான் உயிரோடு இருக்கிறவன் ஒரு வேளைச் சோறு தின்றுகொண்டிருந்தான். ஏசக் கூடாத நேரத்தில் அவனிடம் போய் உண்மையைச் சொன்னால் விரதம் முறியும். சொல்லாவிட்டால் என் தூக்கம் முறியும். தூக்கம்தானே என்று முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து போன் அடித்தால் மண்டிக்குப் பின்னால் போய்த்தான் எடுத்தேன். மண்டியில் தார் எண்ணிக்கை தப்பியது. சோறு இறங்கவில்லை. (குடிசையில் அண்ணன் விரதம், இங்கே நான் விரதம். எனக்குத்தான் புண்ணியம் கிடையாது.) இருந்தாலும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். படப்பிடிப்பு தசராவின் ஐந்தாம் நாள், ஸ்ரீவைகுண்டத்தில். அண்ணனின் செட்டு போவது திசையன்விளை, உடன்குடி வழியாக. அவனுக்கும் ஆற்றுக்கும் நடுவே முப்பது ஊர் கிடக்கிறது. ஒரே ஒரு தப்புச் செய்தேன். அண்ணன் போனில் கேட்டபோது, “மண்டியில நான் வேல பாக்கத அஞ்சாம் நாளு வந்து படம் எடுக்காவளாம்” என்று உளறிவிட்டேன்.

வீடு வேண்டும் என்றார்களே. என் வீடு என்பது மண்டிக்கு மேலே ஒரு தகரக் கொட்டகை. காதர் அண்ணாச்சியின் வீடு படித்துறையை ஒட்டி இருந்தது. அவரிடம் போய் நின்றேன். முழுதையும் சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஏம்லே, உசுரோட இருக்கவன மௌத்தாக்கிப் போட்டியா?”

“ஒரு நாளைக்கு மட்டும் அண்ணாச்சி.”

“ஒரு நாளு மௌத்து, மறுநாளு ஹயாத்தா? நல்லாருக்குலே. வீட்டு முன்னால நின்னுக்க. ஆனா நான் பொய் சாட்சி சொல்ல மாட்டேன் பாத்துக்க. அது ஹராம்.”

“நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். சும்மா நில்லுங்க.”

“சும்மா நிக்கதுக்கு மொகத்த எப்பிடிலே வச்சுக்கிட?”

போட்டோ வேண்டும் என்றார்களே. என் போனில் அண்ணனின் படம் ஒன்றுதான் இருந்தது. சவூதியில், கறுப்புக் கண்ணாடி போட்டு, யாருடைய காரிலோ சாய்ந்து, இரண்டு விரலை விரித்துக் காட்டுகிற படம். ஸ்டுடியோக்காரர் பின்னால் இருந்த காரை அழித்தார், கண்ணாடியை எடுத்துவிட்டுக் கண் வைத்தார், மீசையை எடுத்துப் பதினெட்டு வயதாக்கினார். சட்டம் போட்டுக் கொடுக்கும்போது, “எப்பம் தவறினாவ?” என்று கேட்டார். “இனிமேத்தான்” என்று வாய் தவறிவிட்டது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. சந்தன மாலையும் வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை நிவேதாவும் கேமராக்காரரும் காரில் வந்தார்கள். நிவேதாவுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. போட்டோவைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் பக்கம் பார்க்காமல் சந்தன மாலையைச் சரிசெய்தேன். அண்ணாச்சி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, மாலை சாத்திய அண்ணனை அதில் உட்கார்த்தி, என்னை அதன் பக்கத்தில் தரையில் உட்காரச் சொன்னார்கள். பின்னால் ஆறு. புரட்டாசி வெள்ளம் கொஞ்சம் கூடுதலாகவே போனது.

முதலில் அண்ணாச்சியைக் கேட்டார்கள். “இவங்க அண்ணனைப் பத்தி ஏதாவது சொல்லுங்க சார்.”

அண்ணாச்சி நெடுநேரம் யோசித்தார். “இவனுக்கு நீச்சல் தெரியாது. அது உண்ம” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. “ரொம்ப டச்சிங்கா இருக்கு சார், பேசவே முடியல பாருங்க” என்று நிவேதா என் காதில் சொன்னார்.

அடுத்தது நான். அழுகை வரவில்லை. மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றிலும் நான் வாழைத்தார் வியாபாரம் பேசுகிறவன் மாதிரி இருந்தேனாம். நிவேதா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். “அண்ணாவைக் கடைசியா எப்ப சார் பார்த்தீங்க? என்ன பண்ணிட்டிருந்தாரு?”

கடைசியாகப் பார்த்தது பத்து நாள் முன்பு. குடிசையில் மூன்று கல்லை வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தான். புகையில் கண் சிவந்திருந்தது. இடுப்பில் வேட்டி நிற்காமல் மெலிந்திருந்தான். ‘நீ தின்னியாலே’ என்று கேட்டான். அது ஞாபகம் வந்ததும் அழுகை வந்துவிட்டது. அடக்க முடியாத, மூக்கு ஒழுகுகிற அழுகை. “கட் பண்ணாதீங்க, கட் பண்ணாதீங்க” என்று நிவேதா கேமராக்காரரிடம் கையைக் காட்டினார்.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது.

தசரா செட்டு எந்த ஊருக்கும் வரும். பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேன் வந்து நின்றது. முதலில் ஒரு போலீஸ் இறங்கினார். விசில், லத்தி, காக்கிச் சட்டை, கீழே வெறுங்கால். எங்கள் பக்கத்து வீட்டு துரைச் சித்தப்பா. இருபது வருடமாக அவர் போலீஸ் வேஷம்தான் கட்டுகிறார். அவருக்குப் பின்னால், சிவப்புச் சேலையும் சடையும் கிரீடமும், முதுகுப் பலகையில் எட்டு மரக்கையும், தொங்கும் நாக்குமாகக் காளி இறங்கியது. தம்பியைப் படம் எடுக்கும் அன்று நேரில் வந்து ஆசீர்வாதம் செய்ய வேண்டும் என்று, செட்டையே பிடிவாதமாக வழிமாற்றி, மண்டியில் விசாரித்துக் கூட்டி வந்திருக்கிறது.

போட்டோவை மறைக்க எழுந்தேன். நிவேதா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். “சார், நம்ம அதிர்ஷ்டம். அந்த அம்மாவையும் ஷாட்ல வச்சுக்கலாம்.” ஓடிப்போய்க் கும்பிட்டு, காளியைக் கையோடு கூட்டியே வந்துவிட்டார்.

சித்தப்பா நாற்காலியைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். “ஏலே, இது நம்ம...” என்று ஆரம்பித்தார். நான் கண்ணாலேயே அவர் காலில் விழுந்தேன். அண்ணாச்சி பின்னால் இருந்து, “வே, செத்த பைய இரும் வே” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

காளி குனிந்தது. போட்டோவைப் பார்த்தது. சந்தன மாலையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அவ்வளவு சாயத்துக்கு நடுவே அந்த இரண்டு கண்ணை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

நிவேதா கைகூப்பினார். “அம்மா, இவரோட அண்ணா இந்த ஆத்துலதான் இறந்துட்டாரு. அந்த ஆத்மா எப்படிம்மா இருக்கு?”

இதோ முடிந்தது என்று நினைத்தேன். போட்டி, இடம், விரதம், அண்ணன் எல்லாம்.

“பசியா இருக்கு” என்றது காளி.

“யாருக்கும்மா?”

“செத்தவனுக்கு. ஒரு வேளைச் சோறுதான் கெடைக்காம். எல்லாம் தம்பிக்காகத்தானாம்.”

நிவேதாவின் கண்கள் நிறைந்துவிட்டன. “அவர் இப்ப எங்கம்மா இருக்காரு?”

“இங்கனதான் நிக்கான். தம்பியவே பாத்துக்கிட்டு நிக்கான்.”

கேமராக்காரர் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“தம்பிகிட்ட ஏதாவது சொல்லணும்னு நினைக்கிறாரா?”

“நெறைய இருக்காம்” என்று காளி மெதுவாகச் சொன்னது. “இப்பம் சொல்ல முடியாதாம். தசரா கழியட்டுங்கான்.”

அண்ணாச்சிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

“அதுவரைக்கும்,” என்று காளி வாளால் ஆற்றைக் காட்டியது, “தம்பிய அங்கன போயி மூணு முங்கு போடச் சொல்லுதான். தல நனையணுமாம். செஞ்ச பாவம் போகுமாம்.”

எனக்குத் தண்ணீர் என்றால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஏசக் கூடாது, அடிக்கக் கூடாது என்ற விரதத்துக்குள் நின்றுகொண்டே அவனால் கொடுக்க முடிந்த தண்டனை அதுதான். படித்துறையில் மூன்றாம் படியில் உட்கார்ந்து தலையை நனைத்துவிட்டு எழுவேன், அவ்வளவுதான் என்று நினைத்திருப்பான். ஆனால் நிவேதா, “சார், அண்ணாவே கூப்பிடறாரு. நடந்து உள்ள போங்க, திரும்பிப் பார்க்காம போங்க” என்றார். நானும், இந்த ஒன்றைச் செய்துவிட்டால் இடம் உறுதி என்று, வராத தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது படி இருந்தது. நான்காவது படி பாசி. ஐந்தாவது படி இல்லை.

அடுத்து நடந்ததில் பாதியைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேலே, அதே பழைய கம்பியைத் தேடியதாம். “யாத்தே, சுடல” என்று அலறிக்கொண்டு காளி கிரீடத்தோடு ஆற்றில் பாய்ந்ததாம். சித்தப்பா என்ன செய்வதென்று தெரியாமல் விசில் ஊதினாராம். எனக்குத் தெரிந்ததெல்லாம், மூக்கு நிறையத் தண்ணீர், ஒரு முரட்டுக் கை, மறுபடியும் என் தலைமுடி. (என்னை எல்லோரும் அங்கேதான் பிடிக்கிறார்கள். அதனால்தான் இப்போது அந்த இடத்தில் முடி இல்லை.)

படியில் என்னைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினான். குடித்ததையெல்லாம் வெளியே விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் கிரீடம் இல்லை, சடை இல்லை, நாக்கு இல்லை. சாயம் வழிந்த முகத்தோடு அண்ணன் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பலகை கழன்று, எட்டுக் கைகளும் வானத்தைப் பார்த்தபடி, அணைக்கட்டை நோக்கிப் பைய மிதந்து போய்க்கொண்டிருந்தன. துரைச் சித்தப்பா லத்தியோடு கரையிலேயே அவற்றைப் பின்தொடர்ந்து போனார்.

நிவேதா போட்டோவைக் கையில் எடுத்தார். போட்டோவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

“சார், இது யாரு சார்?”

நான் வாய் திறக்குமுன் அண்ணாச்சி முன்னே வந்தார். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். “இப்பம் கேளும்மா, நான் சாட்சி சொல்லுதேன். இவன்தான் அவுக அண்ணன். மௌத்தானவன் வந்துட்டான். அல்ஹம்துலில்லாஹ்.”

கேமரா அத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. நிவேதா அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்ச் சென்னைக்குப் போன் செய்தார். அந்தப் பத்து நிமிடம் போல் நீண்ட பத்து நிமிடம் எனக்கு வாழ்க்கையில் இல்லை. ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு அவர் தலையாட்டுவதையே பார்த்தேன். அவர் திரும்பி வந்து, “சாரி சார். பொய்க் கதைன்னு தெரிஞ்சுடுச்சு. இனிமே உங்களை எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

என் இடம் போய்விட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் எழுந்து, சேலைத் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றான்.

“யம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும். நான் வேணும்னா செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். ஊருல யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அவனுக்கு அந்த எடத்த மட்டும் குடுத்திருங்க.”

நிவேதாவுக்கு அப்போதுதான் உண்மையிலேயே அழுகை வந்தது. “அப்படியெல்லாம் முடியாதுண்ணா” என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

சித்தப்பா எட்டில் ஆறு கையோடு திரும்பி வந்தார். அவருக்கு வேறு கவலை. “ஏலே இசக்கி, வேஷம் கட்டிக்கிட்டு அம்மன் வாயால பொய் சொல்லிப்புட்டியே.”

“எதுல சித்தப்பா பொய்? பசிக்கி. இங்கனதான நின்னேன். இந்த நாயத்தான பாத்துக்கிட்டு நின்னேன்” என்றான் அண்ணன். ‘நாய்’ என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டான். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆறு கையோடு மறுபடி வேஷம் கட்டி, செட்டு புறப்பட்டது. போகும்போது வேன் ஜன்னல் வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தான். தசரா கழியட்டும் என்ற பார்வை.

மிச்சம் ஐந்து நாளையும் எப்படித் தள்ளினேன் என்று எனக்குத் தெரியாது. சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் குலசேகரன்பட்டினத்தில் காப்பு அறுத்து விரதத்தை முடிப்பார்கள். அதற்குப் பிறகு அவன் யாரை வேண்டுமானாலும் ஏசலாம். வழக்கம்போல் ஓடிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். பிறகு என்னவோ இறங்கி, குலசேகரன்பட்டினத்துக்கு டிக்கெட் எடுத்தேன். அண்ணன் கடலில் குளித்துவிட்டு மாலையைக் கழற்றி வரும் வரை மணலில் நின்றேன். என்னைப் பார்த்தான். நாற்பத்தொரு நாள் சேர்த்து வைத்ததை இறக்க வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை. பத்து நாள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. கையை ஆட்டினான், ஆற்றைக் காட்டினான், கழுத்தில் மாலை போடுகிற மாதிரி காட்டினான், நெற்றியில் அடித்துக்கொண்டான். காற்று மட்டும்தான் வந்தது. காப்பு அறுப்பதைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளைப் பார்த்து அவனும் சிரித்தான். பிறகு ஓட்டலுக்குப் போய் மூன்று பேரும் மீன் குழம்பு சாப்பிட்டோம். அவன் ஏழு துண்டு தின்றான்.

அந்த சீசன் டிவியில் வந்தது. பழைய ஆட்களை நினைவூட்டுவதற்காக முதல் நாளே என் பதினொரு நொடியை மறுபடி போட்டார்கள், அதே ‘பொய்ங்’கோடு. அந்த வகையில் நானும் திரும்பி வந்தவன்தான்.

ஏழு வருடமாகக் காதர் அண்ணாச்சியின் மண்டியிலேயே இருக்கிறேன். நான் அதிக காலம் தாக்குப்பிடித்த இடம் இதுதான். ஆனால் காய்ச்சல் என்று லீவு கேட்டால்கூட, “இந்தத் தடவ யாருலே?” என்றுதான் அண்ணாச்சி கேட்கிறார். அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. போன மாதம் அதற்குக் காது குத்தினோம். பந்தி முடிந்ததும் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைக் காட்டி, யார் என்று கேட்டார். அண்ணன் என் தோளில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டான்.

“இவன் என் தம்பி சுடல. நான் செத்தப்பம் இவன் ஒருத்தன்தான் அழுதான்.”